திரும்பி வந்த 9 கத்திகள்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு எஃகு தேர்ந்தெடுத்த கதை

மார்ச் முதல் வாரத்தில் என் பட்டறை வாசலில் ஒரு கோணிப்பை வந்து இறங்கியது. ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டை ஏற்றி வந்த ஜீப்காரர் போட்டுவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால், ஜனவரியில் நான் செய்து கொடுத்த 11 கத்திகளில் 9 உள்ளே கிடந்தன. 4 கொடுவாள், 5 கவாத்துக் கத்தி. சமையல் கத்தி இரண்டு மட்டும் வரவில்லை. மேலே ஒரு துண்டுச் சீட்டு, தோட்டத்து மேஸ்திரியின் கையெழுத்தில்: "சார், கத்தி பார்க்க நல்லாத்தான் இருக்கு. தீட்ட முடியல. கொடுவா வாய் கொட்டுது. பழசையே வச்சு வேலை ஓட்டறோம்."

இந்த நாலு வரியைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கத்தி செய்பவர்களுக்கும், சொல்லிச் செய்து வாங்குகிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் பல வருஷம் ஒரு டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்யும் பிரிவில், வேலை பார்த்தவன். அப்புறம் சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கொட்டகை எடுத்து, பெல்ட் கிரைண்டர், கேஸ் உலை, ஒரு சின்ன மின் உலை வைத்துக் கத்தி செய்ய ஆரம்பித்தேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆட்கள். கத்தியைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவர்கள், மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை கறி நறுக்குபவர்கள். அவர்கள் கையில் ஒரு கத்தியின் குறை வெளியே தெரிய ஐந்து வருஷம் ஆகும். தோட்டத்தில் ஐந்து நாள் போதும்.

தோட்டம் நாகலூர் பக்கம். அராபிகா காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அந்த மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. ஏற்காட்டில் வழக்கமான அமைப்புதான். முதலாளி கேட்டது எளிமையாகத்தான் இருந்தது: "வருஷா வருஷம் கத்தி வாங்கிக் கட்டுப்படியாகலைங்க. பத்து வருஷம் உழைக்கிற மாதிரி செஞ்சு குடுங்க." கூடவே வீட்டுச் சமையலறைக்கு இரண்டு கத்தி.

பத்து வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் என் புத்தி நேராக டி2-வுக்குப் போய்விட்டது. அச்சு, டை செய்யப் பயன்படும் எஃகு அது. கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம் அளவில். சீக்கிரம் தேயாது, கூர் நிற்கும், டூல் ரூமில் தினமும் கையாண்ட சரக்கு. பட்டைகளை வாங்கி, வெட்டி, சாய்வு பிடித்து, வெளியே ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கடினப்படுத்தி வாங்கினேன். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60, 61 காட்டியது. கைப்பிடிக்குக் கத்தியின் வாலை அகலமாகவே விட்டு, இருபுறமும் கட்டை வைத்து ரிவெட் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேஸ்திரியே ஒத்துக்கொண்டிருக்கிறாரே.

பையில் வந்ததை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொடுவாள் நான்கிலும் வாயில் பிறை வடிவத்தில் துண்டுகள் பெயர்ந்திருந்தன. சின்னது அரிசிமணி அளவு, பெரியது சுண்டுவிரல் நகம் அளவு. ஒன்றில் மூக்கே போய்விட்டது. ஒன்று கூட மடங்கவில்லை, வளையவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். வாய் மடங்கினால் எஃகு மென்மை. பெயர்ந்தால், எஃகு அந்த வேலைக்கு மொறுமொறுப்பு, இல்லையென்றால் வாய் மெலிசு. இங்கே இரண்டுமே சேர்ந்திருந்தன. சாய்வு முடிந்து கூர் ஆரம்பிக்கும் இடத்தில் தடிமனை அளந்தால் அரை மில்லிமீட்டர். சமையல் கத்திக்கே அது கொஞ்சம் தடிமன், கொடுவாளுக்கோ காகிதம்.

கவாத்துக் கத்தி ஐந்தில் ஒன்றுதான் கொட்டியிருந்தது. மற்ற நான்கும் முழுசாக இருந்தன, ஆனால் மழுங்கல். வெளிச்சத்துக்கு நேராக வாயைத் திருப்பிப் பிடித்தால் மெல்லிய வெள்ளிக்கோடு ஓடியது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மின்னும் இடமெல்லாம் மழுங்கிய இடம். அந்தக் கோட்டுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக அரம் தேய்த்த கீறல்கள். ஆழமே இல்லை, கண்ணாடியில் நகத்தால் கீறியதுபோல. யாரோ அரை மணி நேரம் உட்கார்ந்து அரத்தால் ராவப் பார்த்து, அரம் வழுக்கிக்கொண்டே போனதும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

நல்ல அரத்தின் கடினம் ராக்வெல்லில் 62 முதல் 65 வரை. 60 இருக்கும் எஃகில் அது பிடிக்காது. போதாததற்கு டி2-வில் குரோமியம் கார்பைடு என்ற கற்கள் பெரிசு பெரிசாக உட்கார்ந்திருக்கும். அவை அரத்தைவிடக் கடினம். அரத்தின் பல்தான் தேயும்.

அடுத்த நாள் மலைக்குப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை மனசுக்குள் ஒரே வாதம்தான்: கத்தியில் தப்பில்லை, இவர்களுக்குத் தீட்டத் தெரியவில்லை, ஒரு வைரத்தட்டு வாங்கிக் கொடுத்துச் சொல்லித் தந்தால் சரியாகிவிடும். வைரத்தட்டைப் பையிலும் வைத்திருந்தேன்.

மேஸ்திரி என்னை நேராக வேலை நடக்கும் சரிவுக்கே கூட்டிப்போனார். அறுவடை முடிந்து கவாத்து ஓடிக்கொண்டிருந்தது. கிளை கழிக்கும் ஆள் ஒருவர் கொடுவாளை இடுப்பில் செருகி, பின்பாக்கெட்டில் ஒரு முக்கோண அரம் வைத்திருந்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மரத்தில் சாய்ந்தபடியே கொடுவாளைத் தொடையில் வைத்து நாலு இழுப்பு. அவ்வளவுதான், மறுபடி வேலை. அந்த நாலு இழுப்புதான் அவருடைய தீட்டும் முறை மொத்தமும். கீழே வரிசையில் கவாத்து செய்துகொண்டிருந்த பெண்கள் வேறு மாதிரி. அரமே தொடுவதில்லை. சாயங்காலம் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்குப் போனதும், குழாயடியில் கிடக்கும் கரகரப்பான சாணைக்கல்லில் தண்ணீர் ஊற்றித் தீட்டுகிறார்கள். வயசான ஓர் அம்மா தன் கத்தியைக் காட்டினார். தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகிவிட்டது, பிறை நிலா மாதிரி.

"உங்க கத்தி இந்தக் கல்லுல ஏறவே மாட்டேங்குது தம்பி. ஒரு ராத்திரி பூராத் தேச்சேன். கல்லுதான் குழியாச்சு."

வைரத்தட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சரிவில் ஈரக் கையோடு நிற்கும் ஆளிடம் அதைக் கொடுத்து என்ன செய்ய?

நான் எஃகிலிருந்து கத்திக்கு வந்திருந்தேன். இவர்கள் கல்லிலிருந்தும் அரத்திலிருந்தும் கத்திக்கு வருகிறார்கள். கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கத்தியை யார், எங்கே, எதை வைத்துத் தீட்டுவார்கள் என்பது. அதை நான் கேட்கவே இல்லை. பழைய கத்தி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கவும் தோன்றவில்லை.

சரி, இப்போதாவது பார்ப்போம் என்று ஒரு பழைய கொடுவாளையும் அந்த அம்மாவின் பிறைக்கத்தியையும் இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினேன். கொடுவாளின் முதுகில் கடினம் 42. வாயில் 54. ஒரே கத்தியில் இரண்டு பதம். கூருக்கு மேல் தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் அதிகம், பக்கங்கள் தட்டையாக இல்லாமல் லேசாக வயிறு வைத்து வளைந்து கூருக்கு இறங்கின. கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்த்தேன். மஞ்சள் கோடுகள் நுனியில் கிளை கிளையாக வெடித்தன, நடுத்தரக் கார்பன். அனேகமாக லாரிக் கமான் பட்டை. யார் செய்தது என்று விசாரித்தால், மலையடிவாரத்தில் உலை வைத்திருக்கும் ஓர் ஆசாரி.

அவரைப் பார்க்கப் போவதற்கு முன் இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. டி2 கொஞ்சம் மொறுமொறுப்புதான், ஆனால் இந்த அளவுக்கா? சந்தேகத்தில் ஒரு துண்டை, எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்தேன். கார்பன் 2.1 சதவீதம், மாலிப்டினம் கிட்டத்தட்ட இல்லை. டி2 என்று வாங்கியது டி3. சரக்கு கொடுத்தவரைக் கேட்டபோது அவர் அசரவே இல்லை. "ரெண்டுமே ஹெச்.சி.ஹெச்.சி.ஆர் தானுங்களே" என்றார். கடைப்பேச்சில் அப்படித்தான். அதிகக் கார்பன், அதிகக் குரோமியம் என்ற ஒரே பெயரில் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் உலைக்கு அந்த வித்தியாசம் தெரியும். டி2-வை 1,000 டிகிரிக்கு மேல், சுமார் 1,020 வரை ஏற்றுவார்கள். டி3-க்கு 950 ஒட்டிப் போதும். என் கத்திகள் டி2 கணக்கில் கூடுதலாகச் சூடேறியிருக்கின்றன. கூடுதல் சூட்டில் எஃகின் மணி, அதாவது உள்ளே இருக்கும் பொடிப் படிகங்கள், பெருத்துவிடும், பெருத்தால் எளிதில் உடையும்.

இந்த இடத்தில் பழியை அவர் தலையில் போட்டுக் கதையை முடித்திருக்கலாம், சௌகரியமாகவும் இருந்திருக்கும். ஆனால் உண்மையான டி2 வந்திருந்தாலும் கொடுவாள் வாய் கொட்டியிருக்கும், கொஞ்சம் தாமதமாக. அரமும் வழுக்கியிருக்கும், ஒரு நாள் கூடத் தாமதமில்லாமல். அதற்கப்புறம் எந்தப் பட்டை வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

ஆசாரியின் உலை ஒரு தகரக் கொட்டகை. பகல் 11 மணிக்கும் உள்ளே இருட்டு. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். இரும்பின் நிறம் வெயிலில் தெரியாது. வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும் இரும்பு நிழலில் ஆரஞ்சாக இருக்கும், ஏமாந்து இன்னும் காய்ச்சிவிடுவோம். கமான் பட்டையில் அடித்த ஒரு கத்தியைக் காய்ச்சி, நூலில் கட்டித் தொங்கிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒட்டவில்லை. இரும்பு காந்தத்தை மறப்பது 770 டிகிரியில். அதற்கு மேல் "இன்னும் ஒரு மூச்சு" விட்டு எடுத்து, வாயை மட்டும் ஒன்றரை அங்குல ஆழத்துக்கு எண்ணெயில் முக்கினார், முதுகு வெளியே சிவந்தபடி இருக்க. அவர் சொல்லில் இது துவைச்சல். முக்கி எடுத்ததும் ஒரு செங்கல் துண்டால் வாயைப் பரபரவென்று தேய்த்து வெள்ளையாக்கி, கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதுகில் தங்கியிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கியது. வெள்ளை எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடி வந்தது. அப்புறம் கத்திரிப்பூ. அதன் பின்னால் மயில்கழுத்து. அந்த நீலம் வாயைத் தொட்ட நொடியில் மொத்தக் கத்தியையும் தண்ணீரில் போட்டார்.

"கறிக்கத்தின்னா வைக்கோல்ல நிறுத்தணும். கொடுவாளுக்கு மயில்கழுத்து வரணும். முந்தி நிறுத்துனா கொட்டும், பிந்தி நிறுத்துனா மடங்கும்."

வைக்கோல் நிறம் ஏறக்குறைய 210 முதல் 230 டிகிரி. மயில்கழுத்து நீலம் 300-ஐ ஒட்டி. எஃகின் கலவையையும் நேரத்தையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். முக்கிக் கடினமான வாயை மறுபடி லேசாகச் சூடாக்கி மொறுமொறுப்பைக் குறைப்பதுதான் பதப்படுத்தல். நான் உலையில் எண் தட்டிச் செய்வதை அவர் கண்ணால் செய்கிறார், கூடுதலாக முதுகை மென்மையாகவும் வைத்துவிடுகிறார். அதற்காக அவர் முறை எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். அவர் கத்திகளில் சில ஒரு பக்கம் 56, இன்னொரு பக்கம் 50 காட்டின. நிறம் சீராக ஓடாத நாளும் உண்டு. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வாய்க்கும் முதுகுக்கும் வேறு வேறு பதம் என்ற கணக்கை. சீராகச் சூடேற்றும் வேலையை மின் உலைக்கே விட்டேன்.

இரண்டாம் சுற்றில் கொடுவாளுக்கு ஈ.என்.45 எடுத்தேன். கமான் பட்டைக்கான எஃகுதான். கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சிலிக்கான் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம். லாரித் தொழில் ஊறிய சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் பழைய பட்டைக்குப் பஞ்சமே இல்லை, எடைக்குக் கிடைக்கும். ஆனாலும் புதுப் பட்டைதான் வாங்கினேன். லட்சக்கணக்கான கிலோமீட்டர் வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருக்கும். எண்ணெயில் முக்கும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும், அத்தனை வேலையும் வீண். பழைய பட்டை என்றால் எந்த எஃகு என்பதும் ஊகம்தான். எல்லாக் கமான் பட்டையும் ஒரே கலவை இல்லை. குரோமியமும் வெனேடியமும் சேர்ந்த வகையும் புழக்கத்தில் இருக்கிறது, அதற்கு உலைக்கணக்கு வேறு.

தட்டி இழைத்தபின் கைப்பிடிப் பக்கம் முதுகு 6 மில்லிமீட்டர், மூக்குப் பக்கம் 4. கூருக்கு மேல் 1 மில்லிமீட்டர், பக்கங்களில் ஆசாரியின் வயிறு, கூரின் சாய்வு பக்கத்துக்கு 20 டிகிரிக்குச் சற்று மேல். சில்வர் ஓக் மென்மையான மரம், அதற்கு இவ்வளவு தடிமன் தேவையில்லை. ஆனால் அதே கொடுவாளால்தான் தண்டு துளைப்பான் பூச்சி தின்ற காப்பிச் செடியையும் அடியோடு வெட்டுகிறார்கள். காய்ந்த காப்பிக் கட்டை கல் மாதிரி. கணுவில் வாய் சிக்கிக்கொண்டால் ஆள் பக்கவாட்டில் திருகித்தான் உருவுவார். வெட்டும்போது கொட்டியதைவிட அந்தத் திருகலில் கொட்டியதுதான் அதிகம் என்பது, பழைய பிறைத்துண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருந்ததில் தெரிந்தது. வயிறு வைத்த வாய் கணுவைப் பிளந்து தானே வெளியே வரும், தட்டையான வாய் கவ்விக்கொள்ளும்.

880 டிகிரியில் ஊறவிட்டு, லேசாகச் சூடாக்கிய எண்ணெயில் வாயை முக்கி, 320 டிகிரியில் இரண்டு முறை பதப்படுத்தினேன். வாயில் 55. புது அரத்தை வைத்து இழுத்தேன், கரகரவென்று பிடித்துத் தூள் விழுந்தது. டூல் ரூமில் இருந்தபோது, அரம் பிடிக்கிற வேலையை மேசையில் கொண்டுவந்து வைத்தால் திட்டு விழும். இப்போது அந்தச் சத்தம் கேட்டுத்தான் நிம்மதி.

கவாத்துக் கத்தி வேறு கதை. கல்லில் தீட்டுவதால் அது இன்னும் கடினமாக இருக்கலாம். பேரிங் செய்யும் ஈ.என்.31 எடுத்தேன். கார்பன் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை சதவீதம் அளவில். டி2-வைப் போலப் பெரிய கார்பைடு கற்கள் கிடையாது, பொடிப்பொடியானவைதான், சாணைக்கல்லில் நன்றாக ஏறும். முதல் கத்தியிலேயே தவறினேன். மின் உலையில் கொடுவாள்கள் இருந்ததால் பொறுமையில்லாமல் கேஸ் உலையில் காய்ச்சினேன். நிறம் ஒரு படி கூடிப்போனது தெரிந்தும், பரவாயில்லை என்று எண்ணெயில் போட்டுவிட்டேன். மறுநாள் நேராக்க வைஸில் வைத்து லேசாக அழுத்தியதும் பட்டென்று இரண்டாக உடைந்தது. உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சர்க்கரைக் குவியல் மாதிரி மினுமினுப்பு, மணிமணியாக எண்ணிவிடலாம். சரியாகச் செய்த துண்டு ஒன்றை வேண்டுமென்றே உடைத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் முகம் மினுக்கமே இல்லாத சாம்பல் நிறம், உலர்ந்த சிமென்ட் போல. இந்த இரண்டு துண்டையும் இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வரும் பையன்களுக்கு மணி என்றால் என்ன என்று வாயால் விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றை மின் உலையில் 830 டிகிரியில் வைத்து, எண்ணெயில் முக்கி, 220-ல் பதப்படுத்தினேன். 59 வந்தது. வடிவத்துக்கு அந்த அம்மாவின் பிறைக்கத்தியையே அச்சாக எடுத்தேன், தேய்வதற்கு முந்தைய அகலத்தை ஊகித்து. முதுகு 3 மில்லிமீட்டர், உள்பக்கம் வளைந்த வாய், சாய்வு ஒரு பக்கம் மட்டும். வலக்கைக்காரர் தன் பக்கம் இழுத்து அறுக்கும்போது ஒருபக்கச் சாய்வு தண்டோடு ஒட்டிப் போகும், வெட்டுவாய் வழவழப்பாக ஆறும். இடக்கைக்காரப் பெண் ஒருவர் இருந்தார், அவருக்கு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்த்துச் செய்தேன். மேஸ்திரிக்கே அவர் இடக்கைக்காரர் என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

துரு ஒரு கேள்வியாகவே வரவில்லை. ஏற்காட்டு மூடுபனியில் இந்த இரண்டு எஃகும் துருப்பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் தினமும் அறுக்கிற கத்தியில் செடிச்சாறு பட்டு ஒரு கருங்கறை படிகிறது, அது படிந்தபின் செந்துரு அவ்வளவாக ஏறுவதில்லை. மழைக்காலத்தில் எடுத்துவைக்கும்போது விளக்கெண்ணெய் தடவினால் போதும். அதை அவர்கள் எனக்கு முன்பே செய்துவந்தார்கள்.

கைப்பிடி விஷயத்தில் என் அகல வாலும் ரிவெட்டும் முழுத் தோல்வி. கட்டைக்கும் எஃகுக்கும் நடுவே ஈரம் புகுந்து, இரண்டு மாதத்தில் உள்ளே துரு. கட்டை விட்டால் மேலே யாராலும் சரிசெய்ய முடியாது. பழைய கொடுவாளில் வால் கூம்பாக ஒல்லியாக இருக்கும். அதைக் காய்ச்சிக் கட்டையில் இறக்கி, மேலே ஓர் இரும்புப் பூண். கட்டை உடைந்தால் அங்கேயே ஒரு கிளையை வெட்டிச் செதுக்கி, அடுப்பில் வாலைக் காய்ச்சி இறக்கிக்கொள்கிறார்கள். அதையே செய்தேன். நகரத்து வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, சந்தைக் கத்தி மாதிரி ஆக்கிட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பி வராத அந்த இரண்டு சமையல் கத்திகள்? விசாரித்தால், சமையல் செய்யும் அம்மா அவற்றைத் தொட்டதே இல்லை. அரிவாள்மனையில்தான் எல்லாம். விருந்தாளிகள் ஆரஞ்சு நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்து, புள்ளிப் புள்ளியாகத் துரு. டி வகை எஃகில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் பெரும்பகுதி கார்பைடில் மாட்டிக்கொள்ளும், துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்தப் பேச்சில்தான் முதலாளி எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "சேலத்துலயே துருப்பிடிக்காத ஸ்டீல் ஆலை இருக்கு. அந்த ஸ்டீல்லயே செஞ்சுடக் கூடாதா?"

செயில் நிறுவனத்தின் சேலம் ஆலைத் தகடு பெயர் வாங்கியது பாத்திரத்தில். பாத்திரத்துக்கு ஓடும் வகைகளில் எல்லாருக்கும் தெரிந்தது 304. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கார்பன் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாது. எஃகு கடினமாவது, சூட்டில் ஒருவிதமாக அடுக்கியிருக்கும் அணுக்கள் சட்டென்று குளிரும்போது வேறு அடுக்குக்குத் தாவி, நடுவில் கார்பன் சிக்கிக்கொள்வதால். 304-ல் நிக்கல் அந்தத் தாவலை நடக்கவே விடுவதில்லை. எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் அது பாத்திரமாகவேதான் இருக்கும். காந்தம் ஒட்டாததற்கும் அதே காரணம். அதனால் "காந்தம் ஒட்டுற ஸ்டீல் கத்திக்கு ஆகும்" என்று ஒரு பேச்சு உண்டு, அதுவும் பாதிதான் சரி. 430 என்ற இன்னொரு துருப்பிடிக்காத வகையில் காந்தம் ஒட்டும், ஆனால் கார்பன் போதாது, கத்திக்கான பதம் வராது. கத்திக்கு என்றால் 420 வகையில் கார்பன் 0.3 சதவீதம் ஒட்டி உள்ளதாவது வேண்டும். நான் அதைத்தான் எடுத்தேன். 2 மில்லிமீட்டர் தகடு, வெளியே கடினப்படுத்தி 53. கத்தி ஆர்வலர்கள் மூக்கைச் சுளிக்கும் எஃகு. சீக்கிரம் மழுங்கும், அம்மிக்கல் ஓரத்தில் நாலு தேய்த்தால் திரும்பிவிடும். சமையல்கார அம்மாவுக்கு அம்மி இருக்கிறது.

முதலாளிக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. சேலத்து உருக்கு உலகப் புகழ் என்று எங்கோ படித்திருக்கிறார், அப்படி அலை அலையாகக் கோலம் போட்ட கத்தி வேண்டுமாம். கஞ்சமலை இரும்புத்தாதும், மூசை என்ற மண்குடுவையில் இந்தப் பக்கம் உருக்கிய மூசை உருக்கும் நிஜம். 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துத் தாதை நம்பித்தான் இறங்கினார். மூசைக்குள் இரும்போடு ஆவாரம் விறகையும், மேலே எருக்கிலையையும் வைத்து மூடி உருக்கியதை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த உருக்கில் கார்பன் ஒன்றரை சதவீதம் போல இருக்கும், கோலம் அதற்குள்ளேயே விளைவது. இன்று அலை போட்டு விற்பதில் பெரும்பாலானவை இரண்டு எஃகை அடுக்கி ஒட்டி அடித்தவை, அமிலத்தில் கோலம் தெரியவைத்தவை. அழகுதான், ஆனால் அது வேறு சரக்கு. சேலத்து உருக்கு என்று பெயர் பொறித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆர்டர் அத்தோடு நின்றுவிட்டது.

பில் போடும்போது கொடுவாளுக்கு "விவசாயக் கருவி" என்று தெளிவாக எழுதுகிறேன். ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்தைவிட நீளமோ 2 அங்குலத்தைவிட அகலமோ உள்ள கூர்வாய் ஆயுதங்கள் ஒரு தனி வகை. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கானவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஜீப்பில் நாலு கொடுவாள் ஏற்றி அனுப்பும்போது அந்த ஒரு வரி தாளில் இருப்பது நல்லது.

மே கடைசியில், மழைக்கு முன்னால் நிழல் கழிக்கும் வேலை ஆரம்பித்தபோது இரண்டாம் சுற்றுக் கத்திகள் மேலே போயின. நானும் ஒரு நாள் கூடவே இருந்தேன். பிடுங்கிப் போட்ட காப்பிக் கட்டைகளில் ஒரே ஆள் பழைய கொடுவாளால் 100 வெட்டு, புதியதால் 100 வெட்டு. பழையதை நடுவில் இரண்டு முறை அரத்தால் இழுக்க வேண்டிவந்தது, புதியதை ஒரு முறை. ஒரே நாள், ஒரே ஆள் என்பதால் இதை வைத்துப் பெரிசாக எதுவும் சொல்லிவிட முடியாது. வாய் கொட்டவில்லை. ஓரிடத்தில் லேசாக மடங்கியிருந்ததை அவர் கத்தியின் முதுகை ஒரு கல்லில் சாய்த்து, அரத்தின் பிடியால் தட்டியே நிமிர்த்திவிட்டார். என் முந்தைய கத்திக்கு அந்த வைத்தியம் நடந்திருக்காது.

பத்து வருஷம் வருமா என்று முதலாளி கேட்டார். வராது என்றேன். அரத்தால் இழுக்கும் கத்தி தேயத்தான் செய்யும், மூன்று நாலு வருஷத்தில் பிறையாகிவிடும். முகம் கொஞ்சம் மாறியது. பக்கத்தில் நின்ற மேஸ்திரிதான், "ஒடஞ்சு போறதுக்குத் தேஞ்சு போறது தேவலைங்க" என்று எடுத்துக்கொடுத்தார்.

ஜூலையில் மறுபடி ஒரு கோணிப்பை வந்தது. பிரிக்கும்போது வயிற்றைக் கலக்கியது உண்மை. உள்ளே ஒரே ஒரு கொடுவாள், வாய் பத்திரமாக இருந்தது. சீட்டில்: "சார், மூக்கு அரை இஞ்சு நீளம் ஜாஸ்தி. மிளகுக்கொடியை இழுக்குது. கொறைச்சு அனுப்புங்க." மற்ற மூன்றையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்று கிரைண்டரில் இருப்பது அந்த மூக்குதான்.